ஆறாம் கட்டிலில் நான் ஏற்றிய பாட்டில்

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இப்போதைய பொறுப்பு சிஸ்டர் போனில் கேட்டார். முப்பத்தோரு வருடம் கொடைக்கானலில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், காப்பாற்றிய உயிர்களைப் பற்றி எழுதுவாள் என்று நினைத்திருப்பார். அப்படிச் சில உண்டு. நல்லபடியாக முடிந்தவற்றை நான் எழுதாவிட்டாலும் யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். இது வேறு. நான் ரிட்டயராகும் நாள்வரை வார்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். தவறு என்னுடையது என்பதால் நான்தான் எழுத வேண்டும்.

அவளை செல்வராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பூம்பாறையில் பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதம் ஒருமுறை எங்கள் ஓ.பி.க்கு வருவாள். எங்கள் எடை மிஷின் நூற்றிருபது கிலோ வரைதான் காட்டும். அவள் ஏறினால் முள் கடைசிக் கோட்டில் போய் இடித்து நின்றுவிடும். ‘நூற்றிருபதுக்கு மேல்’ என்று சீட்டில் எழுதுவேன். எவ்வளவு மேல் என்று அவளும் கேட்டதில்லை, எனக்கும் தெரிந்ததில்லை.

பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். ஒருநாள் கால் இரண்டும் வீங்கியிருந்ததைப் பார்த்து, சீட் கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

“கெடைக்கும் சிஸ்டர். உக்காந்தா ரெண்டு பேரு எடத்த அடைக்கிறேன்னு பேசுவாங்க. நின்னா வழிய மறிக்கிறேன்னு பேசுவாங்க. நின்னுக்கிட்டே கேட்டா பேசுறவங்க மூஞ்சி தெரியாதுல்ல, அதான் நிக்கிறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எதையும் சிரிப்பாகச் சொல்வது அவள் வழக்கம்.

அவளுக்கு இருந்த பெரிய ஏக்கம் பஸ் சீட் அல்ல. பூம்பாறையில் வயல் என்றால் மலையில் வெட்டிய படிக்கட்டு. அவர்களுடைய நிலம் மேல் வரிசையில் இருந்தது. முட்டி வலியும் மூச்சிரைப்பும் வந்த பிறகு அவளால் அங்கே ஏற முடியவில்லை. கணவர் தங்கராசும் மகள் கவிதாவும் மேலே பாடுபட, இவள் கீழே வீட்டில் உட்கார்ந்து பூண்டு தரம் பிரிப்பாள். “நாலு வருசமா எங்க காட்டுல நான் காலே வைக்கல சிஸ்டர்” என்று ஒருமுறை சொன்னாள். அப்போது மட்டும் சிரிக்கவில்லை.

எடை குறைப்பு ஆபரேஷனைப் பற்றி அவளிடம் முதலில் பேசியது நான்தான். மதுரையில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்திருந்தேன். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழ அளவுக்குக் குழாய்போல விட்டுவிடுவார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். சர்க்கரையும் பெரும்பாலும் கட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரை சாப்பிட வேண்டும், குறித்த நாளில் செக்கப்புக்குப் போக வேண்டும். இதையெல்லாம் அவளுக்குப் புரியும்படி சொன்னேன்.

“வயித்த வெட்டிட்டா வாழ்க்கை மாறிருமா சிஸ்டர்?”

“மாறும்” என்றேன்.

மாறியது. அதையும் நான் மறைக்கக் கூடாது. ஆவணியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் கழித்து எங்கள் ஓ.பி.க்கு வந்தபோது, மிஷின் முள் நூற்றிருபதைத் தொடாமல் நின்றது. நாங்கள் மூன்று நர்ஸ்களும் கை தட்டினோம். சர்க்கரை மாத்திரையில் பாதியை டாக்டர் நிறுத்தினார். பஸ்ஸில் ஒரு பெண் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கையில் இருந்த பிள்ளையை இவள் மடியில் வைத்துவிட்டாளாம். அதை அப்படியொரு சந்தோஷத்தோடு சொன்னாள். ஐப்பசியில் பூண்டு ஊன்றுகிற நேரம். மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து, மேல் காட்டுக்கு ஏறிப் போனாள். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள்.

“சிஸ்டர், எங்க காட்டுல நிக்கிறேன். கேக்குதா? காத்து அடிக்குது.”

காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்டது. அந்தப் போன் வந்தபோது நான் மருந்து ரூமில் இருந்தேன். இந்த வேலைக்கு வந்ததற்கு இது போதும் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மதுரைக்கு இரண்டாவது செக்கப்புக்குப் போக வேண்டிய நாளில் பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து ரோட்டை அடைத்திருந்தது. பஸ் திரும்பி வந்துவிட்டது. வேறொரு நாள் போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த வாரத்திலிருந்தே வாந்தி தொடங்கியிருந்தது.

பத்து நாள் வாந்தி எடுத்துவிட்டு எங்கள் ஓ.பி.க்கு வந்தாள். என்ன சாப்பிட்டாலும் நிற்கவில்லை என்றாள். வைட்டமின் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது என்றாள். அவளை மிஷினில் ஏற்றினேன்.

“பத்து நாளுல அஞ்சு கிலோ கொறஞ்சிருக்கே! கெட்டிக்காரிதான் நீ.”

நான் சொன்னது இது. ஒரு பெண் பட்டினியில் உருகிக்கொண்டிருந்தாள், அதற்கு நான் பாராட்டுச் சொன்னேன். மெதுவாக மென்று சாப்பிடு, வாந்திக்கு மாத்திரை தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். உடம்பு பெருத்தவர்கள் மெலிந்தால் நம் கண்ணுக்கு அது நல்லதாக மட்டுமே தெரிகிறது. எப்படி மெலிந்தார்கள் என்று கேட்கத் தோன்றுவதில்லை. இதே வாந்தியோடு ஒரு ஒல்லியான பெண் வந்திருந்தால் அன்றே படுக்கை போட்டிருப்பேன்.

இன்னும் ஒரு பத்து நாள் போயிற்று. கார்த்திகை மாதம், விடாத தூறல். காலை ஒன்பது மணிக்கு ஒரு டூரிஸ்ட் வேன் வளைவில் மண்மேட்டில் மோதி, அடிபட்ட ஏழு பேரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். டியூட்டி டாக்டர் ஒருவர்தான். நானும் இன்னொரு நர்ஸும். தையல் போடுவதும் கட்டுப் போடுவதுமாக இருந்த அந்த நேரத்தில் தங்கராசு செல்வராணியைத் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கவிதா பின்னால் பையோடு வந்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

வார்டில் காலியாக இருந்தது ஆறாம் கட்டில் மட்டும். அதில் படுக்க வைத்தேன்.

“தண்ணி கூட நிக்கல சிஸ்டர்” என்றார் தங்கராசு. “நடந்தா தள்ளாடுது. செவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்குது. கால் தரையில பாவ மாட்டேங்குதாம்.”

“மூணு வாரம் சாப்பிடாம இருந்தா யாருக்கும் தள்ளாடத்தான் செய்யும்” என்றேன்.

செல்வராணி கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். “சிஸ்டர், நீங்க ரெண்டு சிஸ்டரா நிக்கிறீங்க” என்றாள். சிரித்தாள்.

“ரெண்டு பேரா இருந்தா எனக்கும் நல்லதுதான். இன்னைக்கி இருக்க சோலிக்கு ஒருத்தி பத்தல” என்றேன். நானும் சிரித்தேன்.

கண் இரண்டாகத் தெரிகிறது, நடை தள்ளாடுகிறது, மூன்று வாரமாக வாந்தி, இரைப்பையை வெட்டிய உடம்பு. நான்கையும் என் கையில் கொடுத்தார்கள். நான் ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசிவிட்டு, நரம்பு தேடி ஊசி குத்தி, குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினேன். டாக்டரைக் கேட்கவில்லை. வாந்தியோடு சோர்ந்து வருகிறவர்களுக்குப் பாட்டில் போட்டுவிட்டுப் பிறகு சொல்வதுதான் எங்கள் பழக்கம். டாக்டர் ஒரு மணி நேரம் கழித்து வந்து, சீட்டைப் பார்த்து, இன்னும் இரண்டு பாட்டில் என்று எழுதிவிட்டு வேன்காரர்களிடம் போனார்.

இப்போது ஐந்தாம் கட்டிலைப் பற்றிச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை.

ஐந்தாம் கட்டிலில் தாண்டிக்குடிப் பக்கத்து ஜீப் டிரைவர் ஒருவர் இருந்தார். பல வருடக் குடி. நிறுத்தி இரண்டு நாளாகிக் கை நடுக்கத்தோடு வந்திருந்தார். அவருக்கும் அன்று குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றும் முன்னால், யாரும் நினைவுபடுத்தாமலே, தயமின் ஊசியை உடைத்துப் போட்டேன். குடிகாரர் வந்தால் முதலில் தயமின், அப்புறம்தான் குளுக்கோஸ். எங்கள் வார்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது மனப்பாடம். தயமின் என்றால் பி1 வைட்டமின். மூளை சர்க்கரையை எரிக்க அது வேண்டும். அது வற்றிப்போன உடம்பில் குளுக்கோஸை ஊற்றினால் மிச்சம் மீதி இருப்பதும் தீர்ந்து மூளை கெட்டுப்போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஐந்தாம் கட்டிலுக்குப் போட்டேன். அதே தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டடி நகர்ந்து ஆறாம் கட்டிலுக்கு வந்து, வெறும் குளுக்கோஸை ஏற்றினேன். மிச்ச தயமின் ஊசிகள் தட்டில் இருந்தன.

ஏன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். வேன் விபத்தைக் காரணம் சொல்லலாம். அது பொய். வேன் வராத நாளிலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். தயமின் என்ற விதியை நான் ஒரு குடிகாரரின் முகத்தோடு சேர்த்துக் கற்றிருந்தேன். குடியே தெரியாத ஒரு பெண் வந்தபோது அந்த விதி என் நினைவுக்கு வரவில்லை. மூன்று வாரம் எதுவும் தங்காத வயிறு, குடிகாரரின் வயிற்றைப் போலவே வெறுமைதான். அதை நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மெலிந்து அழகாகிக்கொண்டிருந்த செல்வராணி.

மறுநாள் காலை டியூட்டிக்கு வந்தேன். மூன்றாவது பாட்டில் பாதி ஓடியிருந்தது. கவிதா கட்டிலருகே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“அம்மா ஏதேதோ பேசுது சிஸ்டர். வெள்ளனே இருந்தே இப்படித்தான்.”

செல்வராணியின் கண்மணிகள் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்து, “வாங்க, பந்தி ஆரம்பிச்சிருச்சா?” என்றாள்.

“எந்தப் பந்தி செல்வராணி?”

“கல்யாணத்துக்குத்தானே வந்திருக்கோம். எல்லாரும் படுத்துக் கெடக்காக, மாப்பிள்ள வீட்டுக்காரக இன்னும் வரல போல.”

கவிதாவைக் காட்டி, இது யார் தெரிகிறதா என்றேன்.

“ஏன் தெரியாம? ஏட்டி, ஸ்கூலுக்குப் போகாம இங்க என்ன பண்ற? வெரசாக் கெளம்பு, பஸ்ஸு போயிரும்.”

டாக்டர் வந்து பார்த்தார். உப்புச் சத்து குறைந்திருக்கலாம், மூளையில் அடைப்பாக இருக்கலாம், மதுரைக்கு அனுப்பிவிடுவோம் என்றார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, வெட்டி எடுக்க மதியம் ஆகும் என்று பெருமாள்மலையிலிருந்து தகவல் வந்தது. அந்த இடைவெளியில், ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள் என்று தங்கராசு டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டினார். அதில் நம்பர் இருந்தது. முந்தைய நாளும் இருந்தது.

டாக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டார். எதிர்ப்பக்கம் ஒரு பெண் டாக்டர். பெயர் சொன்னாரா என்பதுகூட நினைவில்லை. எங்கள் டாக்டர் சொல்லச் சொல்ல அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

“தயமின் குடுத்தீங்களா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஐந்தாம் கட்டிலைப் பார்த்தேன். அந்த டிரைவர் எழுந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இல்ல மேடம்” என்றேன்.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. “குளுக்கோஸ உடனே நிறுத்துங்க. கையில எவ்வளவு தயமின் இருக்கோ எல்லாத்தையும் இப்பவே நரம்புல குடுங்க. ரோடு தெறக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. யாரு தப்புன்னு அப்புறம் பாக்கலாம், இப்ப கை நடுங்கக் கூடாது” என்றார். அந்தக் குரல் சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்த ஐந்து நிமிடக் குரல்தான். ஆனால் அது ஒரு நாள் தாமதமாகக் கிடைத்தது. தாமதம் அவருடையது அல்ல.

மதியம் ரோடு திறந்தது. ஆம்புலன்ஸ் அந்த மதுரை ஆஸ்பத்திரிக்கே போனது.

இரண்டு நாள் கழித்து அதே நம்பருக்குப் பேசினேன். அந்தப் பெண் டாக்டரே எடுத்தார். இரைப்பை ஓரிடத்தில் மடிந்து வழி அடைபட்டிருந்ததாம், அதைச் சரி செய்துவிட்டார்கள். வாந்தி நின்றுவிட்டது. “கண்ணு சரியாயிரும் சிஸ்டர். நடை பாதி வரும். ஞாபகம்…” என்று நிறுத்தினார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. கண் சரியானது. நடை, சுவரையோ ஆளையோ பிடித்துக்கொண்டால் வரும். ஞாபகம் வரவில்லை. புதிதாக எதைச் சொன்னாலும் ஐந்து நிமிடத்தில் மறந்துபோனது. பழையதிலும் கடைசி நான்கைந்து வருடங்கள் துடைத்து எடுத்ததுபோலப் போய்விட்டன. ஆபரேஷன் நடந்தது அவளுக்குத் தெரியாது. மெலிந்தது தெரியாது. மேல் காட்டில் நின்று எனக்குப் போன் செய்தது தெரியாது.

தை மாதம் ஓ.பி.க்குக் கூட்டி வந்தார்கள். எழுபத்தொன்பது கிலோ. கதவு அகலமாகத் திறந்திருந்தும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நுழைந்தாள். பெஞ்சில் ஓர் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம், “எடம் பத்துதாங்க?” என்று கேட்டாள். தொங்கிய கைத்தோலைக் கிள்ளிப் பார்த்து, “இது யாரு கையி?” என்று மகளிடம் கேட்டாள். “ஒன் கைதாம்மா” என்றாள் கவிதா. எத்தனையாவது முறை சொல்கிறாளோ, குரலில் ஒன்றுமே இல்லை.

செல்வராணி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பழைய சிரிப்புதான்.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். வயித்துல ஆபரேஷன் பண்ணா எடை கொறயுமாமே. நான் பண்ணிக்கிடலாமா?”

மருந்து ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வந்தபோது அவள் கேட்டதை மறந்திருந்தாள்.

இதுவரை சொன்னது ஒரு தவறு. இரண்டாவது தவறு இன்னும் பெரியது. அது அவசரத்தில் நடந்ததல்ல, எட்டு மாதம் யோசித்துச் செய்தது.

ஆம்புலன்ஸ் போன அன்றே தங்கராசு கேட்டிருந்தார், “என்ன சிஸ்டர் ஆச்சு?” என்று. டாக்டர் முந்திக்கொண்டு, “ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குச் சத்துக் கொறஞ்சு இப்படி ஆகும்” என்றார். பொய் என்று சொல்ல முடியாது. உண்மையும் அல்ல. நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்று திறக்காத வாய் அடுத்த நாள் இன்னும் இறுகிப்போகிறது. இதை நீங்களும் பார்ப்பீர்கள்.

பூம்பாறையில் பேச்சு பரவியது. ஆபரேஷன் பண்ணி செல்வராணிக்குப் புத்தி கெட்டுப்போச்சு. என்னிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள், மதுரைக்குத் தேதி வாங்கியிருந்தவர்கள், போகவில்லை. அதில் ஒருத்திக்குச் சர்க்கரையில் கால் விரல் புண்ணாகி எடுக்க வேண்டி வந்தது. அந்தக் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான், என் மௌனம் செல்வராணியோடு நிற்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூம்பாறைக்கு பஸ் ஏறினேன். வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் அவர்களுடைய மேல் காடு தெரிந்தது. தங்கராசு பூண்டுத் தாளைக் கட்டிக்கொண்டிருந்தார். கவிதா உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். கல்லூரியை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது அவளுக்கு.

எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், தயமின், ஐந்தாம் கட்டில், பத்து நாளில் ஐந்து கிலோவுக்குப் பாராட்டியது, டாக்டர் பேசியபோது சும்மா நின்றது. தங்கராசு கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தவே இல்லை. கேட்கிறாரா என்றே சந்தேகமாக இருந்தது.

“அப்ப ஆபரேஷனால இல்ல” என்றார் கடைசியில்.

“இல்லங்க. ஆபரேஷன் அவளுக்கு நல்லதுதான் பண்ணுச்சு. வாந்தியக் கவனிக்காம விட்டதும், ஊசி போடாம குளுக்கோஸ் ஏத்துனதும் நான்.”

கட்டு ஒன்றை முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்தார்.

“சொல்லாமயே இருந்திருக்கலாம் சிஸ்டர். ஆபரேஷன ஏசிக்கிட்டுக் கெடந்தேன். அதுக்குக் காது கெடையாது. எங்க வீட்டுக் கஷ்டத்துக்கு ஊருக்குள்ள வந்து நின்ன ஒரே ஆளு நீங்கதான். இப்ப ஒங்களையா ஏசச் சொல்றீங்க?”

நான் அழுதேன். செல்வராணி நாற்காலியிலிருந்து, “சிஸ்டர் எதுக்கு அழுகுறாக? காப்பி குடுத்தீகளா, இல்லையா?” என்று கேட்டாள். தங்கராசு எழுந்து மேல் காட்டுக்குப் போய்விட்டார். நான் பஸ் ஏறும்வரை இறங்கி வரவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதும் இல்லை.

மன்னிப்புக் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு உண்மையைச் சொல்லப் போகாதீர்கள். எனக்குக் கிடைக்கவில்லை, கிடைக்க வேண்டிய நியாயமும் இல்லை. ஆஸ்பத்திரி நிர்வாகத்திடமும் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர் வாந்தியோடு வந்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின் என்று ஒரு தாளில் எழுதி மருந்து ரூம் சுவரில் நானே ஒட்டினேன். வெள்ளையடித்தபோது எடுத்துவிட்டார்களாம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ரிட்டயராகி ஒரு வருடம் ஆனபோது கவிதா என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் மூச்சு வாங்க நின்றாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்ததில் அவளும் பெருத்திருந்தாள். நூறைத் தாண்டியிருக்கும். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“சிஸ்டர், எனக்கும் சக்கர வந்திருச்சு. மாத்திரைக்கு அடங்கல. ஆபரேஷன் பண்ணிக்கிடவான்னு ஒங்ககிட்ட கேக்க வந்தேன். அப்பாவுக்குத் தெரியாது.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. என் பயத்துக்கு அது வசதியான பதில். இந்தப் பெண்ணுக்கு அது சரியான பதில் இல்லை என்பதும் தெரிந்தது. என் தவறை ஆபரேஷன் மேல் ஒருமுறை போட்டுவிட்டேன். மறுபடியும் போடக் கூடாது.

“அம்மா மாதிரி ஆயிருமா?” என்றாள்.

“ஆகாது. கூட இருக்கவங்க கவனமா இருந்தா ஆகாது.”

அவளை உட்கார வைத்துவிட்டு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன். எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் நடந்திருக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் வாந்தி இருந்தால் என்னைத் திருப்பி அனுப்பாதீர்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போடுங்கள். ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கீழே நம்பருக்கு இடம் விட்டேன். ஆபரேஷன் முடிந்ததும் நம்பரை எழுதி, எங்கே போனாலும் கையில் வைத்துக்கொள், யார் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் முதலில் இதை நீட்டு என்றேன்.

கவிதா அதை இரண்டு தடவை படித்தாள். நான்காக மடித்தாள். கோபமே இல்லாத குரலில் கேட்டாள்:

“நாலு வரிதானே சிஸ்டர். அம்மாவுக்கும் இத எழுதிக் குடுத்திருக்கலாம்ல?”

அம்மா தனியாக இருக்கும், எழுந்து நடந்து விழுந்துவிடும் என்று சொல்லி மூன்றரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

இன்றுவரை அவளுக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. மதுரையில் ஒரு வாரம் போய்ப் படுத்தால், தங்கராசு காட்டுக்குப் போகிற நேரத்தில் வீட்டில் செல்வராணியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.